கெரிச்சோவின் தேயிலை நிலம்: காலனியக் காலத்தில் பறிபோன மண்ணுக்கு யாரிடம் நீதி கேட்பது?

கென்யாவின் மேற்கே கெரிச்சோ என்று ஒரு மலையூர். சுமார் 2,000 மீட்டர் உயரம், நாள் தவறாத மழை, சிவந்த மண், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கத்தரித்துவிட்ட தேயிலைச் செடிகள். படத்தில் பார்த்தால் மூணாறோ வால்பாறையோ என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்பில் தப்பும் இல்லை. மூணாறில் கண்ணன் தேவன் மலைகளைத் தேயிலைக் காடாக்கிய ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனிதான் 1920-களில் கெரிச்சோவுக்கும் போனது. நம் வீட்டு டீத்தூள் பொட்டலத்தில் பெயர் இருக்கும் ப்ரூக் பாண்டும் ஏறக்குறைய அதே சமயம் அங்கே கால் ஊன்றியது.

அதற்கு முன் அந்த மேட்டில் மாடு மேய்த்தும் கேழ்வரகு விதைத்தும் வாழ்ந்தவர்கள் கிப்சிகிஸ் மக்கள். அவர்களோடு கலந்திருந்த தலாய் குலத்தார் குறி சொல்பவர்கள். போருக்கும் சடங்குக்கும் ஊர் அவர்கள் வார்த்தையைக் கேட்டுத்தான் நகரும். இந்த இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் இன்று பிரிட்டனிடமும் கென்ய அரசிடமும் தேயிலைக் கம்பெனிகளிடமும் நீதி கேட்டு நிற்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்களிடம் அவர்கள் கொண்டுபோன மனுவுக்குப் பின்னால் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

இந்த மாதிரி வழக்குகளை முதன்முறை படிக்கிறவர்கள் பொதுவாக ஒன்றை எதிர்பார்ப்பார்கள்: நிலம் பறிக்கப்பட்டதா இல்லையா என்பதில்தான் வாதம் சூடாக இருக்கும் என்று. உண்மையில் அதில் பெரிய சண்டையே கிடையாது. பறித்தவர்களே எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கெஜட்டில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சண்டையெல்லாம் யாரிடம் கேட்பது, எந்த வாசலில் கேட்பது, எந்தத் தேதிக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பவற்றில்தான். காலனிய நிலப்பறிப்புக்கு நீதி கேட்பது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, இந்த மூன்று கேள்விகளின் பின்னால் போனால் போதும்.

நிலம் எப்படிக் கை மாறியது

1895 ஜூன் 15 அன்று பிரிட்டன் கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியைத் தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று அறிவித்தது. 1902-இல் ஒரு அரச நிலச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு 99 வருடக் குத்தகை கொடுக்கலாம் என்றது. அது போதாது என்று குடியேறிகள் முறையிட, 1915-இல் வந்த புதிய சட்டம் குத்தகையை 999 வருடமாக நீட்டியது. அதே சட்டம் இன்னொரு காரியத்தையும் செய்தது. ஆப்பிரிக்க மக்கள் குடியிருக்கும் நிலமும் அரச நிலமே என்று வரையறுத்துவிட்டது. நம் ஊர் மொழியில் சொன்னால், வீடும் பட்டியும் விதைத்த வயலுமாக ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் இடத்தையெல்லாம் ஒரே கையெழுத்தில் புறம்போக்காக்கிவிட்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் காலனி நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசர் விரும்பும்வரை இருக்கலாம், விரும்பாவிட்டால் எழுந்து போக வேண்டிய குடியிருப்பாளர்கள்தான் ஆப்பிரிக்கர்கள் என்று தீர்ப்பு.

தாய்ப்பத்திரம் பார்க்காமல் நாம் இரண்டு சென்ட் மனைகூட வாங்குவதில்லை. கெரிச்சோவில் தாய்ப்பத்திரத்தைத் தேடிப் போனால், முதல் பத்திரமே பறித்தவர் தனக்குத் தானே எழுதிக்கொண்டதாக இருக்கும். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விற்பனையும் சட்டப்படி சுத்தமானது. இந்த விஷயத்தின் பெரிய சிக்கல்களில் ஒன்று இது. பின்னால் திரும்பவும் வரும்.

கெரிச்சோவுக்கு என்று தனிக் கதையும் உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும், போரில் ஊனமுற்ற பிரிட்டிஷ் அதிகாரிகளுக்காக ஒரு குடியேற்றத் திட்டம் போட்டார்கள். கிப்சிகிஸ் மக்களின் பகுதியிலிருந்து 25,000 ஏக்கரை வெட்டி எடுத்துக் கொடுத்தார்கள். லினன் துணிக்கு நார் தரும் ஃப்ளாக்ஸ் செடியைப் பயிரிடுவது யோசனை. ஃப்ளாக்ஸ் விலை சரிந்தது, திட்டம் திவாலானது. சரி, திட்டம்தான் போய்விட்டதே, நிலம் பழைய சொந்தக்காரர்களுக்குத் திரும்பியதா? இல்லை. தேயிலைக் கம்பெனிகளுக்குப் போனது. ஊனமுற்ற வீரர்களுக்கு என்று சொல்லி எடுத்த மண், சில வருடங்களில் ப்ரூக் பாண்ட், ஃபின்லே தோட்டங்களாக மாறிவிட்டது.

தலாய் குலத்தாரின் கதை இன்னும் கொடியது. அவர்களுக்கு உறவான நந்தி மக்களின் தலைவர் கொய்தலெல் அராப் சமோய், 1905 அக்டோபரில் பேச்சுவார்த்தைக்கு என்று வந்த இடத்தில் ரிச்சர்ட் மைனெர்ட்சாகன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். குறி சொல்பவர்கள் இருக்கும்வரை ஜனங்கள் அடங்க மாட்டார்கள் என்ற எண்ணம் அரசுக்கு ஊறிப்போயிருந்தது. 1934-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். 'லைபான்களை அகற்றும் சட்டம்' என்று பெயர். லைபான் என்பது குறி சொல்பவர்களுக்கு அரசு வைத்திருந்த சொல். குற்றம், விசாரணை, தண்டனை எதுவும் தேவையில்லை. அந்தக் குலத்தில் பிறந்திருந்தால் போதும். பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள் எல்லாருமாகச் சுமார் 700 பேரை விக்டோரியா ஏரிக்கரையில் குவாசி என்ற இடத்துக்குக் கடத்தினார்கள். மலேரியாவும் தூக்க நோய் பரப்பும் செட்சி ஈயும் மண்டிய இடம். சுதந்திரம் நெருங்கிய 1960-களின் தொடக்கத்தில்தான் அவர்கள் திரும்பி வர முடிந்தது. வந்து பார்த்தால் நிலம் எல்லாம் தேயிலை.

நீதி கேட்பது என்றால் எதைக் கேட்பது

இழப்பீடு என்றதும் பணம்தான் நினைவுக்கு வரும். ஐ.நா. பொதுச்சபை 2005-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள் அதை ஐந்தாகப் பார்க்கின்றன. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது முதலாவது. முடியாதபோது பணம். அப்புறம் மருத்துவம், கல்வி போன்ற மறுவாழ்வு உதவி. நாலாவது, உண்மையை வெளிக்கொண்டுவருதலும் பகிரங்க மன்னிப்பும் நினைவுச் சின்னமும். கடைசியாக, மறுபடி இப்படி நடக்காது என்பதற்கான சட்ட ஏற்பாடு. பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஐந்தையும் கேட்பதில்லை. வயதானவர்கள் மன்னிப்பைக் கேட்பார்கள், இளையவர்கள் நிலத்தைக் கேட்பார்கள், வக்கீல்கள் தொகையைக் கேட்பார்கள். ஒரே சமூகத்துக்குள் இதில் மனக்கசப்பு வருவதும் சகஜம்.

அரசுகள் பெரும்பாலும் நாலாவதை அரைகுறையாகக் கொடுத்துவிட்டு மற்ற நாலிலிருந்தும் தப்பிக்கப் பார்க்கும். 2023 அக்டோபர் 31 அன்று நைரோபி விருந்தில் மன்னர் சார்லஸ், சுதந்திரப் போராட்டக் காலத்தில் கென்யர்கள் மீது நடந்த வன்முறைக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்றார், ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் தொடவில்லை. மன்னிப்பு கேட்டால் அது ஒப்புதல் வாக்குமூலமாகி, நாளைக்கு நீதிமன்றத்தில் வந்து நிற்கும் என்ற பயம் அதிகாரிகளுக்கு உண்டு.

முதல் வாசல்: பறித்தவனின் நீதிமன்றம்

கென்யாவின் இன்னொரு மேய்ச்சல் இனமான மசாய் மக்கள் இதை நூறு வருடத்துக்கு முன்பே முயன்று பார்த்தார்கள். 1904-இல் பிரிட்டன் அவர்களோடு ஒரு உடன்படிக்கை போட்டது. பிளவுப் பள்ளத்தாக்கு மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுத்தால், லைக்கிப்பியாவில் ஒதுக்கும் நிலம் மசாய் இனம் இருக்கும்வரை அவர்களுடையது என்று எழுதியிருந்தது. ஏழே வருடத்தில், 1911-இல், லைக்கிப்பியாவையும் காலி செய்யச் சொல்லி இரண்டாவது உடன்படிக்கை. மசாய் தரப்பு வழக்குப் போட்டது. 1913-இல் வந்த தீர்ப்பு சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது: பாதுகாப்பில் உள்ள நாட்டின் மசாய்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லர், தனி இறையாண்மை உடையவர்கள், ஆகவே இது இரு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தம், ஆகவே உள்ளூர் நீதிமன்றம் இதில் தலையிட முடியாது. வழக்கு தள்ளுபடி. நிலத்தைப் பிடுங்கும்போது அவர்களுக்கு இறையாண்மை இல்லை, வழக்குப் போட வந்தால் மட்டும் இருக்கிறது. இதைவிடச் சாமர்த்தியமான தீர்ப்பை நான் படித்ததில்லை.

சரி, இது பழைய காலம். இன்று லண்டனில் வழக்குப் போட்டால்?

அங்கே இரண்டு சுவர்கள். ஒன்று, வெளிநாட்டு நிலத்தின் உரிமை யாருக்கு என்று இங்கிலாந்து நீதிமன்றம் தீர்மானிக்காது என்பது 1893-இல் மொசாம்பிக் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உறுதியான விதி. சில விலக்குகள் பின்னால் வந்தாலும், நிலத்துக்கு உரிமையாளர் யார் என்பதே மையக் கேள்வியாக இருந்தால் அந்த விதி குறுக்கே வரும். இரண்டாவது காலக்கெடு. நம் ஊரிலும் பன்னிரண்டு வருடம் அனுபவித்துவிட்டால் நிலம் அவனுக்கே என்று டீக்கடையிலேயே சட்டம் பேசுவார்கள் அல்லவா? எல்லா நாட்டுச் சட்டங்களிலும் தாவாக்களுக்கு ஒரு ஆயுள் உண்டு. சாட்சி செத்துப் போகும், காகிதம் கரையான் அரிக்கும், எதிர்த்தரப்பு என்றென்றைக்கும் பயத்தோடு இருக்கக் கூடாது என்பதெல்லாம் அதற்கான நியாயங்கள். பக்கத்து வீட்டு வேலித் தகராறுக்கு இது சரிதான். ஆனால் நீதிமன்றக் கதவையே நாற்பது ஐம்பது வருடம் பூட்டி வைத்திருந்த அரசு, கதவு திறந்ததும் 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்று கேட்பது நியாயமா என்பதுதான் இங்கே கேள்வி.

இந்தச் சுவரில் ஒரே ஒரு முறை விரிசல் விழுந்தது. 1950-களில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த மாவ் மாவ் கிளர்ச்சியின்போது முகாம்களில் சித்திரவதைக்கு ஆளான கென்ய முதியவர்கள் சிலர் 2009-இல் லண்டனில் வழக்குப் போட்டார்கள். பிரிட்டிஷ் அரசு முதலில் சொன்ன பதில் கவனிக்க வேண்டியது: 1963-இல் சுதந்திரம் கொடுத்தபோது காலனி அரசின் பொறுப்புகளும் கென்யாவுக்கே போய்விட்டன, போய் நைரோபியைக் கேளுங்கள். அதாவது, அடித்தவன் நான்தான், ஆனால் கடனாளி நீ. 2011-இல் நீதிபதி இதை ஏற்காமல் வழக்கை நடத்த அனுமதித்தார். அதே சமயம் இன்னொன்றும் வெளியே வந்தது. காலனிகளை விட்டுக் கிளம்பும்போது சுருட்டிக்கொண்டு போன ஆயிரக்கணக்கான ரகசியக் கோப்புகள், 37 முன்னாள் காலனிகளுடையவை, ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் பூட்டிக் கிடந்தது தெரியவந்தது. சாட்சி இல்லை, காகிதம் இல்லை என்ற வாதம் அதோடு பலமிழந்தது. 2012-இல் காலக்கெடுவைத் தளர்த்தி வழக்குத் தொடர அனுமதி கிடைத்தது. 2013 ஜூன் 6 அன்று வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு வழக்குச் செலவு உட்பட 19.9 மில்லியன் பவுண்டு தருவதாக அறிவித்தார். அதே உரையில், காலனி நிர்வாகத்தின் செயல்களுக்குப் பிரிட்டன் சட்டப்படிப் பொறுப்பல்ல என்ற நிலையில் மாற்றமில்லை என்றும் சொன்னார்.

அந்த வெற்றியைப் பார்த்து, அதே கதவில் நிலத்துக்கும் தட்டலாமே என்று தோன்றும். தட்ட முடியாது. காரணம் ஒரு சின்னச் சட்டப்பிரிவு. இங்கிலாந்தின் 1980-ஆம் ஆண்டுக் காலக்கெடுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, உடல் காயம் பட்ட வழக்குகளில் மட்டும் நீதிபதி விரும்பினால் கெடுவைத் தளர்த்தலாம் என்கிறது. நிலம், மாடு, வீடு பறிபோன வழக்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அடிபட்ட தழும்பு உடம்பில் இருந்தால் கதவு கொஞ்சம் திறக்கும், சொத்து முழுவதும் போயிருந்தால் திறக்காது. தழும்பு இருந்தாலும் அடுத்த முறை திறக்கும் என்று உறுதியும் இல்லை. 40,000 கென்யர்கள் சேர்ந்து போட்ட அடுத்த வழக்கு, காலம் கடந்துவிட்டது என்று 2018-இல் தள்ளுபடியானது.

சர்வதேச வாசல்கள்

அப்படியானால் கென்ய அரசே பிரிட்டனை ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கலாமே? அதுவும் முடியாது. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கும்போதே பிரிட்டன் ஒரு விலக்கு எழுதி வைத்திருக்கிறது: காமன்வெல்த் உறுப்பு நாடுகளோடு உள்ள தகராறுகளுக்கு இது பொருந்தாது. முன்னாள் காலனிகளில் பெரும்பாலானவை காமன்வெல்த்தில்தான் இருக்கின்றன.

இந்த விலக்கைச் சுற்றிக்கொண்டு போக முடியும் என்று காட்டியது சாகோஸ் தீவுகளின் வழக்கு. இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்குச் சொந்தமாக இருந்த அந்தத் தீவுக்கூட்டத்தைப் பிரிட்டன் 1965-இல் பிரித்து எடுத்தது. டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை மொத்தத் தீவு மக்களையும் வெளியேற்றினார்கள். 1982-இல் பிரிட்டன் 4 மில்லியன் பவுண்டு கொடுத்தபோது, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதிய ஆங்கிலப் படிவங்களில் தீவு மக்கள் கைநாட்டு வைத்தார்கள். பலருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. முப்பது வருடம் கழித்து, 2012-இல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த மக்களின் மனுவை ஏற்க மறுத்தபோது சொன்ன முக்கியக் காரணம், ஏற்கனவே பணம் வாங்கிக் கணக்கு முடித்தாகிவிட்டது என்பதுதான். இழப்பீட்டுக் காகிதத்தில் கையெழுத்து வைக்கும் யாரும் இந்த ஒரு வழக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மொரீஷியஸ் நேராக வழக்குப் போட முடியாததால், ஐ.நா. பொதுச்சபை வழியாகச் சர்வதேச நீதிமன்றத்திடம் 'ஆலோசனைக் கருத்து' கேட்க வைத்தது. 2019 பிப்ரவரி 25 அன்று நீதிபதிகள் 13-க்கு 1 என்ற கணக்கில், தீவுகளைப் பிரித்தது செல்லாது, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்றார்கள். அது கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. ஆனாலும் அந்த அழுத்தத்தில்தான் 2025 மே 22 அன்று, தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தருவதாக ஒப்பந்தம் கையெழுத்தானது. டியேகோ கார்சியா தளம் 99 வருடக் குத்தகையில் தொடரும். பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு அரசுகள் உட்கார்ந்திருந்தன. வெளியேற்றப்பட்டவர்களுக்கு நாற்காலி இல்லை. அரசு வழியாகப் போனால் வழி திறக்கும், ஆனால் அந்த வழியில் போய்ச் சேர்வதும் அரசுதான்.

தலாய், கிப்சிகிஸ் மக்கள் 2021-இல் ஐ.நா. சிறப்பு நிபுணர்களை பிரிட்டனுக்குக் கேள்விக் கடிதம் எழுத வைத்தார்கள். பொறுப்பேற்கவும் மன்னிப்புக் கேட்கவும் பிரிட்டன் முன்வராததில் அந்த நிபுணர்கள் கவலை தெரிவித்தார்கள். 2022 ஆகஸ்டில் 168 பில்லியன் பவுண்டு கேட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் மனு போனது. தொகை தலைப்புச் செய்தியானது. எனக்கு அந்தத் தொகையைவிட இரண்டு தேதிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அந்த நீதிமன்றத்தை நடத்தும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததே 1953-இல். தனிமனிதர்கள் அங்கே பிரிட்டன் மேல் முறையிடலாம் என்று பிரிட்டன் ஒத்துக்கொண்டது 1966-இல். பெரிய பறிப்புகள் நடந்ததோ அதற்கெல்லாம் முன்பு.

இந்த இடத்தில் ஒரு பழைய விதியைச் சொல்லியாக வேண்டும். ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று 1928-இல் பால்மாஸ் தீவு வழக்கில் நடுவர் மேக்ஸ் ஹூபர் சொன்னார். 1915-இல் நிலத்தை எடுப்பது சட்டப்படி சரி, ஆகவே தவறே நடக்கவில்லை என்று காலனிய அரசுகள் இதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஹூபர் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: உரிமை பிறந்தது பழைய சட்டத்தில் என்றாலும், அது தொடர்ந்து நீடிப்பதற்கு மாறிவரும் சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். பறிகொடுத்தவர்களின் வக்கீல்கள் இந்த இரண்டாம் பாதியைப் பிடிப்பார்கள். பறிப்பு அன்றைக்கு ஒரு நாளில் முடிந்துவிடவில்லை, இன்றுவரை தொடர்கிறது என்பது அவர்கள் வாதம்.

சொந்த நாட்டு வாசல்

அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. சுதந்திரம் கிடைத்ததும் கென்ய அரசு ஏன் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை?

கொடுக்கவில்லை, விற்றது. சுதந்திரத்தை ஒட்டி 'பத்து லட்சம் ஏக்கர் திட்டம்' என்று ஒன்று நடந்தது. பிரிட்டனும் உலக வங்கியும் கொடுத்த கடனில் வெள்ளைக்காரப் பண்ணைகளை விலைக்கு வாங்கி, கென்யக் குடும்பங்களுக்குத் தவணையில் கொடுத்தார்கள். பாட்டன் நிலத்தைப் பேரன் கடன் வாங்கி விலைக்கு வாங்கினான். அந்தப் பணம் பறித்தவனிடம் போனது. அரசியல் செல்வாக்கு உள்ளவர்கள் பெரிய பண்ணைகளைத் தமக்கென்று வளைத்துக்கொண்டதும் நடந்தது. தேயிலைத் தோட்டங்களை இந்தத் திட்டம் தொடவே இல்லை. அந்நியச் செலாவணி அங்கிருந்துதான் வந்தது. 2004-இல் மசாய்கள், 1904 ஒப்பந்தத்துக்கு நூறு வருடம் ஆகிவிட்டது, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஊர்வலம் போனபோது, குத்தகை 999 வருடத்துக்கு என்று பதில் சொன்னது கென்ய அரசுதான், லண்டன் அல்ல. 2007-இல் ஐ.நா.வின் பழங்குடி உரிமைப் பிரகடனத்துக்கு பிரிட்டன் ஆதரவாக வாக்களித்தது, கென்யா வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

மாற்றம் வந்தது 2010 அரசியலமைப்பில். தேசிய நில ஆணையம் என்ற அமைப்பு உருவாகி, வரலாற்று நில அநீதிகளை விசாரிக்கும் வேலை அதற்குக் கொடுக்கப்பட்டது. எது வரலாற்று அநீதி என்பதற்குச் சட்டம் தேதியே போட்டது: 1895 ஜூன் 15 முதல் 2010 ஆகஸ்ட் 27 வரை நடந்தவை. சாதாரணக் காலக்கெடுவைத் தள்ளிவைத்துவிட்டு, நூறு வருடப் பழைய புகாரையும் எடுத்துக்கொள்ளச் சொன்ன ஏற்பாடு இது. நிலத்தைத் திருப்பித் தருவது, பணம், மாற்று நிலம், பள்ளி ஆஸ்பத்திரி மாதிரி வசதிகள், தப்பாகக் கொடுத்த பட்டாவை ரத்து செய்வது என்று பரிந்துரைக்கப் பல வழிகளும் இருந்தன. 2019-இல் கெரிச்சோ மக்களின் புகார்களில் நியாயம் இருக்கிறது என்று ஆணையம் சொன்னது. தேயிலைத் தோட்டங்களை மறுஅளவை செய்யவும் பரிந்துரைத்தது. பத்திரத்தில் உள்ள ஏக்கருக்கும் கம்பெனி வேலி போட்டிருக்கும் ஏக்கருக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கும் பயன்படும் யுக்திதான். கம்பெனிகள் உடனே நீதிமன்றம் போயின.

இந்த வாசலுக்கும் பூட்டு இருந்தது. 2016-இல் வந்த சட்டத் திருத்தம் புகார் கொடுக்க ஐந்து வருடம்தான் தந்தது. 2021 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. நூற்றாண்டுப் பழைய அநீதிக்கு ஐந்து வருடக் கெடு. மலையில் இருக்கும் கிராமத்துக்குச் செய்தி போய், கூட்டம் போட்டு, வக்கீல் பிடித்து, ஆவணக் காப்பகத்தில் காகிதம் தேடி எடுப்பதற்குள் அது தீர்ந்துவிடும்.

தேதியின் பலத்தை தென்னாப்பிரிக்காவில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே 1994-இல் வந்த நில மீட்புச் சட்டம், 1913 ஜூன் 19-க்குப் பிறகு பறிபோன நிலத்துக்குத்தான் பொருந்தும். கறுப்பர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்த சட்டம் அமலான நாள் அது. கோய், சான் மக்கள் நிலத்தை இழந்ததோ அதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு முன்பு. அவர்களுக்கு வாசலே இல்லை. ஒரு விதிவிலக்கு ரிச்டர்ஸ்வெல்ட் சமூகம். 1847-இல் பிரிட்டன் அவர்கள் பகுதியை இணைத்துக்கொண்டாலும் அதனால் மட்டும் அவர்களின் நில உரிமை அழிந்துவிடவில்லை, உண்மையான பறிப்பு 1920-களில் வைரம் கிடைத்த பிறகே நடந்தது என்று 2003-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. அதனால் 1913-க்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வக்கீல்கள் இழப்பின் தேதியை நகர்த்திக் காட்டி ஜெயித்த வழக்கு இது.

நியூசிலாந்தின் வழி வேறு. பூர்வகுடிகளான மாவோரிகளின் புகார்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 1975-இல் தொடங்கியபோது பழைய புகார்களைத் தொட முடியாது. 1985-இல் திருத்தம் கொண்டுவந்து 1840 வரை பின்னோக்கிப் போக விட்டார்கள். 1860-களில் படையெடுத்துப் பறித்த நிலத்துக்காக வைகாடோ மாவோரிகளுடன் 1995-இல் 170 மில்லியன் நியூசிலாந்து டாலர் மதிப்பில் உடன்பாடு வந்தது. மன்னிப்பு அடங்கிய அந்தச் சட்டத்தில் எலிசபெத் ராணியே நேரில் கையெழுத்திட்டார். இழந்ததன் மதிப்பில் இது மிகச் சிறு பங்கு என்று மாவோரிகளே சொல்கிறார்கள். தனியார் கையில் இருக்கும் நிலத்தை அங்கும் தொடுவதில்லை; அரசிடம் இருப்பதைத்தான் திருப்பித் தருகிறார்கள்.

கம்பெனி கை மாறும்போது

தனியார் என்றதும் தாய்ப்பத்திரச் சிக்கல் திரும்ப வருகிறது. கெரிச்சோவில் ப்ரூக் பாண்ட் இருந்தது; 1984-இல் அதை யூனிலீவர் வாங்கியது. யூனிலீவர் தன் தேயிலைத் தொழிலை சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க, அது லிப்டன் டீஸ் என்ற பெயருக்கு வந்தது. 2023-இல் ஃபின்லே தன் கென்யத் தோட்டங்களை இலங்கையின் ப்ரௌன்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. 2024-இல் லிப்டனும் தன் தோட்டங்களை அதே ப்ரௌன்ஸுக்கு விற்பதாக அறிவித்தது. காலனியத்துக்குச் சம்பந்தமில்லாத கொழும்புக் கம்பெனி, சட்டப்படி விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. கிப்சிகிஸ் பாட்டி ஒருத்தி அவர்களிடம் போய் 1920-களைப் பற்றிக் கேட்டால், அவர்களால் கையை விரிக்கத்தான் முடியும். இதனால்தான் ஒவ்வொரு விற்பனைக்கு முன்பும் சமூகத் தலைவர்கள் நோட்டீஸ் அனுப்புகிறார்கள். 'இந்தச் சொத்தில் தாவா இருக்கிறது' என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால், தெரியாமல் வாங்கினேன் என்று பிறகு சொல்ல முடியாது.

அந்த அழுத்தத்துக்குக் கொஞ்சம் பலன் கிடைத்திருக்கிறது. ஃபின்லே விற்பனையின்போது தோட்டத் தொழிலில் 15 சதவீதப் பங்கு கிப்சிகிஸ் கூட்டுறவு அமைப்புக்கு என்று ஏற்பாடானது. லிப்டன் விற்பனையிலும் உள்ளூர் மக்களுக்கு 15 சதவீதம் என்று சொல்லப்பட்டது. இது மோசமில்லை, லாபம் வந்தால் கையில் காசு வரும். ஆனால் இதை நீதி என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஒரு வரியும் அந்தப் பங்குப் பத்திரத்தில் கிடையாது. பறித்ததை ஒப்புக்கொள்வதும் இல்லை, பறித்தவர் கொடுப்பதும் இல்லை. தலாய் குலத்தாருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேரும் என்பது கிப்சிகிஸ் கூட்டுறவின் உள் விவகாரம்.

பிரிட்டிஷ் அரசுக்கும் இந்தப் பங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனிடம் வைத்த கோரிக்கை அப்படியே நிற்கிறது. தோட்டங்களின் 999 வருடக் குத்தகையை 2010 அரசியலமைப்பு குறைத்துவிட்டது. வெளிநாட்டவர் கையில் உள்ள நிலத்துக்கு இனி அதிகபட்சம் 99 வருடம்தான், அதுவும் அரசியலமைப்பு அமலான நாளிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் கெரிச்சோ தோட்டங்களின் குத்தகை 2109 வரை ஓடும்.